கடைசி வீட்டு அங்கணம்

அவளைப் பாராட்டி எழுத நான் உட்காரவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாலு வருஷம் என்னைப் போட்டு வதைத்தவள் அவள். வாய்விட்டு ஒரு வார்த்தை வைதிருந்தால் நானும் பதிலுக்கு இரண்டு வைதுவிட்டு ஆறிப்போயிருப்பேன். அவள் வையவே இல்லை. இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது. ஆனால் வேறு யாராவது என் முன்னால் அவளைக் கெட்டவள் என்று சொல்லட்டும், அவர்களை நான் சும்மா விட மாட்டேன். அப்படிச் சொல்லும் உரிமை எனக்கு மட்டும்தான் உண்டு.

பேர் சொல்லப் போவதில்லை. வளவில் யாரும் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. கடைசி வீட்டு அக்கா, அவ்வளவுதான். திருநெல்வேலி டவுனில், தேர் ஓடும் வீதிக்குப் பின்னால் இருந்தது எங்கள் வளவு. ஒரே தலைவாசல், உள்ளே வரிசையாக ஐந்து வீடுகள். முதல் வீட்டில் எங்களுக்கெல்லாம் வாடகைக்கு விட்ட வளவுக்காரர் குடும்பம். இரண்டாவதில் ஒரு டீச்சர். மூன்றாவதில் நானும் என் வீட்டுக்காரரும், தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் கல்யாணமான கையோடு குடிவந்தவர்கள். நாலாவது வீடு பூட்டியே கிடக்கும். ஐந்தாவதில் அவளும் ஒரு தையல் மிஷினும். புருஷன் பம்பாயில். என்னை விட அஞ்சாறு வயது மூத்தவள், திசையன்விளைப் பக்கத்துக்காரி.

அங்கணம் என்று எங்கள் ஊரில் சொல்வோம். அடுப்படியை ஒட்டி, பாத்திரம் கழுவவும் குளிக்கவும் ஒரு பள்ளம், அதன் மூலையில் தண்ணீர் போக ஒரு துவாரம். ஐந்து வீட்டு அங்கணத்துக்கும் தரைக்கு அடியில் ஒரே குழாய். முதல் வீட்டில் தொடங்கிச் சரிவாக வந்து, அவள் வீட்டைத் தாண்டி, தெருச் சாக்கடையில் விழும். பழைய காலத்துப் பீங்கான் குழாய், மூட்டுக்கு மூட்டு சிமெண்டுப் பூச்சு, இடையில் உடைந்த இடத்தில் மட்டும் பிளாஸ்டிக் ஒட்டு. தெருப் பக்கம் அடைத்துக்கொண்டால் எங்களுக்கு ஒன்றும் தெரியாது. தண்ணீர் அவள் வீட்டு அங்கணத்தில்தான் முதலில் பொங்கும். நாங்கள் கழுவிவிட்டதெல்லாம் அவள் காலடியில் வந்து நிற்கும்.

அடைக்காமல் என்ன செய்யும்? செவ்வாய், வெள்ளி பெண்கள் எண்ணெய் தேய்த்து முழுகுவோம். புதன், சனி ஆம்பிளைகள். நல்லெண்ணெய், சீயக்காய்த் தூள், உதிர்ந்த முடி, மூன்றும் குழாய்க்குள் ஒன்றாகப் போய் உட்கார்ந்தால் கொத்தனார் பூசியது மாதிரி இருக்கும். அதன் தலையில் வடிகஞ்சியையும் ஊற்றுவோம். ஆறினதும் அது பசை. வாரத்துக்கு நாலு நாள் இந்தக் கூத்து.

மற்றவர்கள் என்றால் வாசலில் நின்று கத்தியிருப்பார்கள். அவள் கத்த மாட்டாள். கழுத்தில் இஞ்சு டேப், உதட்டில் நாலு குண்டூசி, அதோடு அப்படியே குனிந்து, வந்து நின்றதை எல்லாம் அள்ளுவாள். பிரித்துப் பார்ப்பாள். நீளமுடி என்னுடையது. குட்டையாக நரைத்தது டீச்சருடையது. செம்பருத்தி இலைச் சக்கை வளவுக்காரர் வீட்டு அம்மாவுடையது. ஒவ்வொன்றையும் ஒரு வாழையிலைக் கீற்றில் சுருட்டி, அந்தந்த வீட்டு வாசல் நடையில் கொண்டுபோய் வைப்பாள். "உங்க சாமான்" என்று ஒரே ஒரு வார்த்தை. திரும்பி நடந்துவிடுவாள்.

ஒரு தடவை டீச்சருடைய கம்மலின் திருகாணி அதில் வந்தது. தங்கம். அதையும் கழுவித் துடைத்துக் காகிதத்தில் மடித்து அதே நடையில் வைத்து, அதே முகத்தோடு "உங்க சாமான்" என்றாள். முடிக்கும் தங்கத்துக்கும் அவளுக்கு வித்தியாசம் கிடையாது. யாருடையதோ அவர்களிடம் போய்ச் சேர வேண்டும்.

எல்லாவற்றிலும் அப்படித்தான் அவள். ஜாக்கெட் தைத்தால் வெட்டிய மிச்சம், விரலகலத் துண்டு வரை, ஜாக்கெட்டுக்குள் மடித்து வைத்துத் தருவாள். மிச்சத் துணியைத் திருப்பித் தருகிற தையல்காரர் எவரையும் அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. பம்பாயிலிருந்து புருஷன் மூன்று வரிக் கடிதம் போட்டால் இவளும் மூன்று வரிதான் எழுதுவாள். அவர் ஒரு மாசம் கழித்துப் போட்டால் இவளும் ஒரு மாசம் கழித்துத்தான். ஒருநாள் வளவுக்காரர் வீட்டு அம்மாவிடம் கொஞ்சம் காப்பித்தூள் கேட்டுப் போயிருக்கிறாள். வீடு முழுக்க காப்பி மணக்கிறது, அந்த அம்மா "இப்பத்தான் தீந்துச்சு" என்றார்களாம். அப்படியே திரும்பி வந்துவிட்டாள். ஒன்றரை வருஷம் கழித்து அந்த அம்மாவின் மகளைப் பெண் பார்க்க ஆள் வருகிறார்கள், அவசரமாக ஒரு ஜாக்கெட் வேண்டும். மிஷின் சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது, இவள் நிமிர்ந்து பார்த்து, "நூல் இப்பத்தான் தீந்துச்சு" என்றாள். நான் பக்கத்தில் நின்றேன். அன்றைக்கு அவள் மேல் எனக்கு எவ்வளவு பிரியம் வந்தது தெரியுமா! அந்த அம்மா முகத்தைப் பார்க்கணுமே.

வளவுக்காரருக்கும் கிடைத்தது. ஒரு மழைக்காலத்தில் அடைப்பு எடுக்கிறேன் என்று அவர் ஓர் ஆளைக் கூட்டிவந்து, ஆள் உயர இரும்புக் கம்பியைக் குழாய்க்குள் விட்டுக் குத்தச் சொன்னார். "அண்ணாச்சி, குத்தாதிய, வளைவுல உடஞ்சிரும்" என்று அவள் சொல்லிப் பார்த்தாள். பொம்பிளை பேச்சு என்று அவர் காதில் வாங்கவில்லை. வளைவு உடைந்தது. பத்தே நாளில் அவர் வீட்டுச் சுவரே ஓதம் ஏறி உப்பிப்போனது. ஆள் வந்து தோண்டி மாற்றிவிட்டுப் போன பிறகு, உடைந்த வளைவைக் கழுவி எடுத்துக்கொண்டு போய் அவருடைய ஊஞ்சலில், தலையணைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தாள். அண்ணாச்சி அதற்குப் பிறகு எங்கள் பக்கம் வருவதையே குறைத்துக்கொண்டார்.

இதெல்லாம் மற்றவர்களுக்கு நடக்கிற வரை எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது.

என்னை அவள் "ஏட்டி" என்றுதான் கூப்பிடுவாள். தங்கச்சியைக் கூப்பிடுகிற மாதிரி. ஆபீஸ் விட்டு வந்தால் அவள் மிஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாதி சாயங்காலம் பேசிக்கொண்டிருப்பேன். அப்படிப் பழகியவள் எனக்கு ஒரு காரியம் செய்தாள். நாங்குநேரியிலிருந்து என் மாமியார் இரண்டு சொந்தக்காரப் பெண்களோடு முதல் தடவையாக எங்கள் வீட்டைப் பார்க்க வந்திருந்தார்கள். காப்பி கொடுத்துக்கொண்டிருக்கிறேன். இவள் வந்தாள். வாழையிலைச் சுருளை நடையில் வைத்தாள். "ஏட்டி, உன் சாமான். இந்த வாரம் கொஞ்சம் கூட." போய்விட்டாள். மாமியார் குனிந்து இலையைப் பிரித்தார்கள். சீயக்காயும் எண்ணெயும் பிசுபிசுக்க, எலி செத்துக் கிடக்கிற மாதிரி என் தலைமுடி. "மருமவ முடி பூராவும் இங்கனதான் கெடக்கா?" என்று அவர்கள் சொல்ல, கூட வந்தவர்கள் சிரித்தார்கள். அந்தக் கதை நாங்குநேரி முழுக்கப் போயிற்று. இரண்டு வருஷம் அந்த ஊர்க் கல்யாணங்களில் நான் தலை நிமிர்ந்து நிற்க முடியவில்லை.

விருந்தாளி இருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியாதா? நடையில் கிடந்த மூன்று ஜோடிச் செருப்பும் கண்ணில் படவில்லையா? தெரிந்துதான் வைத்தாள் என்று அன்றைக்கு நினைத்தேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

எனக்கும் கோபம் என்று ஒன்று உண்டு. இனி என் வீட்டு முடி ஒன்றுகூட உன் வீட்டுக்கு வராது, குழாய்க்குள்ளேயே எரிந்து போகும், பார் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். ஜங்ஷனில் ஒரு கடையில் கேட்டேன். பழைய பாட்டிலில் ஆசிட் ஊற்றி வைத்திருந்தார்கள், பாத்ரூம் தரைக்குப் போடுவது. முழு பாட்டிலையும் ஊற்றினால் குழாய் புதுசு மாதிரி ஆகிவிடும் என்று கடைக்காரர் சொன்னார். சேலைத் தலைப்புக்குள் மறைத்து எடுத்து வந்தேன்.

அது தீபாவளிக்கு மூன்று வாரம் முந்தி ஒரு வெள்ளிக்கிழமை. காலையில் தலை முழுகிவிட்டேன், தண்ணீர் மெதுவாகத்தான் போனது. மூடி இறுகிக் கிடந்தது, திறக்க முடியவில்லை. அடுப்படியில் சூட்டுப் பாத்திரம் பிடிக்க ஒரு பச்சைத் துணித் துண்டு வைத்திருப்பேன். அவள் தைத்துத் தந்த கிளிப்பச்சை ஜாக்கெட்டின் மிச்சம்தான், அவளே மடித்துத் தந்தது. அதை மூடியில் சுற்றித் திருகித் திறந்தேன். அவ்வளவையும் துவாரத்தில் கவிழ்த்தேன். குப்பென்று புகை. மூச்சு அடைத்து, கண் எரிந்து, கையில் இருந்த துணியை அங்கணத்தில் போட்டுவிட்டுப் பின்னால் ஓடினேன். புகை அடங்கினதும் ஒரு வாளித் தண்ணீரை அடித்து ஊற்றினேன். கடகடவென்று இறங்கிப் போயிற்று, துணியும் சேர்ந்து. எனக்கு ஒரே சந்தோஷம். ஜடையைப் பின்னிக்கொண்டு, பாளையங்கோட்டைக்கு பஸ் ஏறி ஆபீஸ் போய்விட்டேன்.

அடைப்பு இருந்தது அவள் வீட்டுக்கு அந்தப் பக்கம். நான் இறக்கிவிட்டது அத்தனையும் அவள் அங்கணத்தில் போய்த்தான் ஏறியது. அவள் அப்போது தலை நிறைய சீயக்காயோடு, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு அங்கணத்துக்குள் நின்றிருக்கிறாள். கால் எரிகிறது, கண் திறக்க முடியவில்லை, தண்ணீர்ச் செம்பைத் தேடித் தடவியிருக்கிறாள். டீச்சர்தான் சத்தம் கேட்டு ஓடிப்போய், ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. சாயங்காலம் நான் வந்தபோது வலது கால் கணுக்கால் வரை கட்டுப் போட்டிருந்தது.

வலது கால்தான் அவள் மிஷின் மிதிக்கிற கால். இரண்டு மாசம் ஊன்றக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மிஷினுக்குப் பக்கத்தில் தீபாவளித் துணி இடுப்பு உயரத்துக்கு அடுக்கியிருந்தது, பாதிக்குச் சாக்குக்கட்டியால் அளவு கூடப் போட்டாயிற்று. அவள் அதை எல்லாம் பேர் எழுதிக் கட்டி, டீச்சர் கையில் கொடுத்து, ஒவ்வொரு வீடாகத் திருப்பி அனுப்பினாள். அந்த வீடுகள் வேறு தையல்காரர்களைப் பார்த்துக்கொண்டன. பல பேர் பிறகு அவளிடம் திரும்பி வரவே இல்லை. என் துணியும் வந்தது. வாங்கி பீரோவுக்குள் வைத்துவிட்டு அங்கணத்தில் உட்கார்ந்து அழுதேன். எனக்காக அழுதேனா, அவளுக்காகவா என்று கேட்டால் இரண்டுக்கும்தான்.

மூன்றாம் நாள் சுவரைப் பிடித்துக்கொண்டு என் வீட்டு நடைக்கு வந்தாள். வலது கையால் சுவர். இடது கையைப் பொத்தி வைத்திருந்தாள். வலிக்காகப் பொத்தியிருக்கிறாள் என்று நினைத்தேன்.

"ஏட்டி, வெள்ளிக்கிழம நீ எதுவும் ஊத்துனியா?"

அந்த ஒரு நிமிஷத்தில் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நானாக்கா? எனக்கு எதுக்கு அதெல்லாம்? டீச்சர் வீட்டுப் பக்கந்தான் ஒரு நெடி அடிச்சுது." அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போன டீச்சரை இழுத்து விட்டேன். நாக்கு அழுகிப் போகும், என் நாக்கு.

அவள் இடது கையை இன்னும் இறுக்கிப் பொத்தினாள். "சரி. நீங்க உள்ள போங்க" என்றாள்.

நீங்க. அன்றைக்கு அறுந்தது ஏட்டி. அதற்குப் பிறகு நாலு வருஷம் வாங்க, போங்க, இருக்கியளா, சாப்பிட்டியளாதான். வளவில் எல்லோரும் நான் ஆபீஸ்காரி என்று மரியாதை தருகிறாள் என்றார்கள். ஒவ்வொரு "நீங்க"வும் என் கன்னத்தில் விழுந்தது எனக்குத்தான் தெரியும்.

டீச்சருக்கு என்ன செய்யப் போகிறாள் என்று பயந்துகொண்டே இருந்தேன். ஒன்றும் செய்யவில்லை. பொங்கலுக்கு டீச்சர் ஜாக்கெட்தான் முதலில் தைத்தாள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். திருப்பிக் கொடுக்காமல் விடுகிற பிறவியா அவள்? உறைக்கவில்லை. தெரியாது என்று ஒரு மனசு, தெரியும் என்று ஒரு மனசு. சோறு இறங்காது சில நாள்.

கட்டுப் பிரித்த வாரம் வளவுக்காரரையும் டீச்சரையும் என்னையும் கூப்பிட்டு வைத்துச் சொன்னாள். இனி எவரும் ஆசிட் ஊற்றக் கூடாது, கம்பி விடக் கூடாது, வெள்ளிக்கு வெள்ளி குழாயைப் பார்த்துவிட வேண்டும். தன்னால் இனிமேல் குந்தி உட்கார முடியாது. "இவிய பாப்பாவ. ஆபீஸ்காரிய, ஒழுங்காச் செய்வாவ" என்று என்னைக் காட்டினாள். மறுக்க எனக்கு வாய் ஏது? நாலு வருஷம் வெள்ளிக்கிழமை ஒன்றுகூடத் தப்பாமல் நாலு வீட்டு அழுக்கையும் நான் எடுத்தேன். அவள் வாசலில் நாற்காலி போட்டு, தீய்ந்த காலை இன்னொரு காலின் மேல் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பார்க்கிற மாதிரியும் இருக்கும், பாராத மாதிரியும் இருக்கும்.

அவள் முறையைக் குற்றம் சொல்ல முடியாது. அதுதான் இன்னும் எரிச்சல். பால்பொடி டப்பா மூடியில் ஆணியால் துளை போட்டு எல்லா வீட்டுத் துவாரத்திலும் பதிக்க வைத்தாள். முடியும் சோற்றுப்பருக்கையும் மேலேயே நின்றுவிடும், கையால் எடுத்துக் குப்பையில் போட வேண்டியதுதான். எண்ணெய்ச் சட்டியைப் பழைய பேப்பரால் துடைத்த பிறகுதான் கழுவ வேண்டும். வடிகஞ்சி பால்காரர் மாட்டுக்கு. அப்படியும் தண்ணீர் மெதுவாகப் போனால், முதலில் மேலே நிற்கும் தண்ணீரை மொண்டு எடுத்துவிட்டு, சலவைச் சோடாவை வெந்நீரில் கரைத்துப் பையப் பைய ஊற்ற வேண்டும். கை பொறுக்கிற சூடுதான். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் பழைய பீங்கான் விரிசல் விடும், பிளாஸ்டிக் ஒட்டு இளகிப் போகும். ஊற்றிவிட்டு அரைமணி நேரம் சும்மா உட்கார வேண்டும். அந்த அரைமணி நேரம்தான் நரகம். இரண்டு பேரும் துவாரத்தையே பார்த்துக்கொண்டு இருப்போம்.

அதற்கும் அசையவில்லை என்றால் கம்பில் மாட்டிய ரப்பர்க் கிண்ணம். அடுத்த வீட்டுத் துவாரங்களை ஈரச் சாக்கால் அடைக்காமல் அமுக்கினால் காற்று அந்த வழியாகப் போய்விடும், அடைப்பு அப்படியே இருக்கும். எல்லாவற்றையும் அடைத்து, கிண்ணம் முழுகுகிற அளவு தண்ணீர் விட்டு, அமுக்கி இழுக்க வேண்டும். கடைசியாக சைக்கிள் பிரேக் ஒயர், நுனியைக் கொக்கி மாதிரி வளைத்தது. அதை உள்ளே விட்டுத் திருகிப் பின்னால் இழுக்க வேண்டும். ஒரே ஒரு தடவை அவசரத்தில் முன்னால் தள்ளினேன். "தள்ளாதிய. தள்ளுனா போறது அடுத்தவன் வீட்டுக்கு. இழுங்க, உங்க கையில வரட்டும்" என்றாள். என்னைப் பார்த்துச் சொன்னாளா, குழாயைப் பார்த்துச் சொன்னாளா என்று அன்று முழுக்க மண்டையைக் குடைந்தது.

நாலு வருஷத்தில் அந்த வளவில் ஒரு அடைப்பு கிடையாது, ஒரு மூட்டு ஒழுகியது கிடையாது. டவுனுக்குள் வேறு வளவுக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்கோ குளித்து முடித்தாலும் கையில் அந்த வாடை போகாது. பூ வைத்துக்கொள்ளப் பிடிக்காது.

என் வீட்டுக்காரரிடம் மட்டும் சொல்லியிருந்தேன். போய்ச் சொல்லிவிட்டு வா, காலில் விழு, தீர்ந்தது என்றார். ஒரு வெள்ளிக்கிழமை துணிந்தேன். "அக்கா, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்." அவள் உதட்டில் குண்டூசி. "வேல முடியட்டும், பொறவு சொல்லுங்க" என்றாள். நான் முடித்து, கை கழுவி வருவதற்குள் மிஷினில் உட்கார்ந்து மிதிக்கத் தொடங்கிவிட்டாள். அந்தச் சத்தத்தில் என்ன பேச? காலில் இரண்டு விரல் ஒட்டிப்போனதால் குதிகாலால் மிதிப்பாள். முன்பெல்லாம் ஒரே சீராக ஓடும் மிஷின், இப்போது ஓடி, நின்று, ஓடும். பூட்டிய நாலாவது வீட்டைத் தாண்டி என் அடுப்படி வரைக்கும் அது கேட்கும். இன்னும் இரண்டு தடவை முயற்சி செய்தேன். இரண்டு தடவையும் அதே பதில், அதே மிஷின். என்னைச் சொல்லவே விடவில்லை அவள். வன்மக்காரி!

அப்படியும் தீபாவளிக்கு ஒன்று, பொங்கலுக்கு ஒன்று என்று என் ஜாக்கெட்டை அவளிடம்தான் கொடுத்தேன். வேறு எங்கே கொடுத்தாலும் பேச்சு வரும். அதோடு, அவள் மாதிரித் தைக்க டவுனில் ஆள் கிடையாது. நாலு வருஷத்தில் எட்டு ஜாக்கெட். ஒவ்வொன்றும் அச்சில் வார்த்த மாதிரி உடம்பில் நின்றது. மிச்சத் துணி எப்போதும் போல உள்ளே மடித்திருக்கும்.

பிறகு என் வீட்டுக்காரருக்கு சேரன்மகாதேவியில் வேலை நிரந்தரமாகி, எனக்கும் அங்கே மாற்றல் கிடைத்து, வளவைக் காலி செய்தோம். சாமான் ஏற்றுகிற அன்றைக்கு அவள் குதிகாலை ஊன்றி வந்தாள். கையில் ஒரு புது ஜாக்கெட். நீலம். நான் துணி கொடுக்கவில்லை, அவளாகவே வாங்கித் தைத்தது.

"ஏட்டி" என்றாள். நாலு வருஷத்துக்குப் பிறகு. "கொஞ்சம் தாராளமா வச்சுத் தச்சிருக்கேன். நாளப்பின்ன உடம்பு போட்டுச்சுன்னா பழசு எல்லாத்தயும் பிரிச்சுக்கோ. எல்லாத்துலயும் உள்ள துணி விட்டிருக்கேன்."

அவள் கையைப் பிடித்துக்கொண்டு அப்படி அழுதேன். மன்னித்துவிட்டாள் என்று நினைத்தேன். இவள்கூட மன்னிக்கிறாளே என்று வழி முழுக்க, வேனில், என் வீட்டுக்காரரிடம் சொல்லிச் சொல்லி அழுதேன்.

சேரன்மகாதேவி வந்த இரண்டாம் வருஷம் மகள் பிறந்தாள். அவள் சொன்ன மாதிரியே உடம்பு போட்டுவிட்டது. பழைய ஜாக்கெட் ஒன்றும் ஏறவில்லை, அந்த நீலம் ஒன்றுதான் ஏறியது. ஒருநாள் மத்தியானம் பிள்ளையைத் தூங்கப் போட்டுவிட்டு, பிளேடை எடுத்துக்கொண்டு பழசைப் பிரிக்க உட்கார்ந்தேன். நான் எதையும் லேசில் தூக்கிப் போடாதவள், எட்டும் பெட்டியில் இருந்தன. முதலில் எடுத்தது ஒரு மஞ்சள். இடது பக்கத் தையலைப் பிரித்தேன். உள்மடிப்புக்குள்ளிருந்து ஒரு சின்னத் துணி மடியில் விழுந்தது. இரண்டு விரல் அகலம். கிளிப்பச்சை. ஒரு ஓரம் வெளிறி, தொட்டால் உதிர்கிற மாதிரி இற்றுப்போயிருந்தது. இற்ற ஓரத்தில் மேலும் கிழியாமல் இருக்க நுணுக்கமாகத் தையல் போட்டிருந்தாள்.

அன்றைக்கு என் வீட்டு நடையில் நின்றபோது அவள் இடது கைக்குள் என்ன இருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. கையில் வைத்துக்கொண்டே கேட்டிருக்கிறாள். நான் டீச்சரைக் கைகாட்டியதை, அதைப் பொத்திக்கொண்டே கேட்டிருக்கிறாள்.

அடுத்ததைப் பிரித்தேன். அதிலும். அதற்கடுத்ததிலும். இடது பக்கத் தையலில், நெஞ்சுக்கு நேராக, எட்டிலும் ஒவ்வொரு துண்டு. தீபாவளிக்கு, பொங்கலுக்கு, ஆபீசுக்கு, நாங்குநேரிக் கல்யாணத்துக்கு, எங்கே போனாலும் என் பொய்யை என் மேலேயே போர்த்தி அனுப்பியிருக்கிறாள். ஒவ்வொரு வெள்ளியும் குழாய்க்குள் கையை விட்டுக்கொண்டு, இவளுக்குத் தெரியுமா தெரியாதா என்று நான் செத்துக்கொண்டிருந்தபோதும் அது என் விலாவில்தான் இருந்திருக்கிறது. பாவி! அள்ளிக்கொண்டு போய் அவள் முகத்தில் எறிய வேண்டும் என்று எழுந்தேன். அடுத்த பஸ் பிடித்தால் ஒரு மணி நேரத்தில் டவுன். போய் என்ன சொல்லி எறிவேன்? உட்கார்ந்துவிட்டேன்.

துண்டுகளைத் தரையில் வைத்துச் சேர்த்துப் பார்த்தேன். வெட்டிய ஓரங்கள் ஒன்றோடொன்று அப்படியே பொருந்தின. அந்த வெள்ளிக்கிழமை என் கையில் இருந்த அதே துண்டு, நடுவில் ஆசிட் தின்ற ஓட்டையோடு. ஒரு மூலை மட்டும் இல்லை. பெட்டியைக் கவிழ்த்து உதறித் தேடினேன். இன்னொரு தடவை எட்டையும் உள்வெளியாகத் திருப்பிப் பார்த்தேன். எங்கேயோ விழுந்திருக்கும், கூட்டும்போது கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டு, வேர்த்த கழுத்தைத் துடைக்கக் கையைத் தூக்கினேன். தூக்கின கை நின்றுவிட்டது.

மெதுவாக இடது விலாப் பக்கம் தையலைத் தடவிப் பார்த்தேன். நான் போட்டிருந்த நீல ஜாக்கெட்டுக்குள், இரண்டு விரல் அகலத்துக்கு, தடிப்பாகத் தட்டுப்பட்டது.

மகள் முழித்துக்கொண்டு பாலுக்கு அழ ஆரம்பித்தாள். பிளேடைத் தூர வைத்துவிட்டு அவளைத் தூக்கி அந்தப் பக்கமே அணைத்துக்கொண்டேன். அந்த ஒரு ஜாக்கெட்டை நான் இன்னும் பிரிக்கவில்லை.